நாற்பத்தெட்டா, ஐம்பத்தாறா

குணநாயகம் மாஸ்டரும் மூக்கையாவும் பேச்சை நிறுத்திக்கொண்ட காரணத்தைச் சொன்னால் வெளியாள் சிரிப்பான். பெண் விஷயமில்லை, எல்லைக்கல் தகராறும் இல்லை. முடிந்துபோன ஒரு யுத்தம் எந்த வருஷத்தில் தொடங்கியது என்பதுதான் சண்டை. அதுவும் யுத்தம் நடந்த மண்ணில் இல்லை. கடலைத் தாண்டி வந்து, திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டுப் பக்கம் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில், சமுதாயக் கூடத்துச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு போட்ட சண்டை. இரண்டு பேருக்கும் எழுபதை எட்டப்போகிற வயது. முட்டி வலிக்கு ஒரே தைலத்தை வாங்கிப் பங்கு போட்டுத் தடவிக்கொண்டவர்கள்.

இருவரும் பெயிண்டர்கள். தொண்ணூறாம் வருஷம் வேறு வேறு படகில் வந்து, மண்டபம் முகாமில் அடுத்தடுத்த பாயில் படுத்து, ஒரே லாரியில் ஏற்றப்பட்டுத் திண்டுக்கல்லில் இறக்கிவிடப்பட்டவர்கள். முகாம்காரனை நம்பி இந்த ஊர் கொடுத்த வேலை பெயிண்ட் வேலை. மாஸ்டர் யாழ்ப்பாணத்து வசாவிளானில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். எனவே போர்டு எழுதுவது, பார்டர் கோடு இழுப்பது எல்லாம் அவர் பாடு. மூக்கையா மாத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், புஜத்தில் வலு உள்ளவர். எனவே சுவரைச் சுரண்டுவது, பட்டி வைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது இவர் பாடு. இந்தப் பிரிவினையை யாரும் உட்கார்ந்து பேசி வைக்கவில்லை. தானாக அப்படி அமைந்துவிட்டது. தானாக அமைகிறதெல்லாம் எப்படி அமைகிறது என்று மூக்கையா முப்பது வருஷம் யோசித்துப் பார்க்கவும் இல்லை.

வேலையில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூக்கையா தேய்த்து முடித்த பிறகு மாஸ்டர் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். மேடு பள்ளம் தெரிகிற இடத்தில் பென்சிலால் சுழித்து, "குழி", "மேடு", "இன்னும் தேய்" என்று பக்கத்தில் எழுதுவார். மூக்கையா அதை ஒருநாளும் படித்ததில்லை. தேய்க்கும்போது தூசி படியும் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு, துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பென்சில் கறுப்பு மங்கலாகத் தெரிகிற இடமெல்லாம் குறை என்று அர்த்தம். அங்கே உப்புத்தாள் போகும், பட்டி போகும். அவ்வளவுதான்.

மாஸ்டர் அவரை "மூக்கையா, நீர்" என்பார். இவர் "மாஸ்டர், நீங்க" என்பார். இதையும் யாரும் பேசி வைக்கவில்லை.

மூக்கையாவின் மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகளைக் கோயம்புத்தூர்ப் பக்க முகாமில் கட்டிக்கொடுத்தாயிற்று. மாஸ்டருக்கும் மனைவி இல்லை, மகன் பிரான்சில். ஆகவே காலைத் தேநீர், வேலை, மதியச் சோறு, சாயங்காலத்துப் பேப்பர், எல்லாமே இரண்டு பேருக்கும் ஒருவரோடு ஒருவர்தான். மூக்கையா உலகத்தில் வாயைத் திறந்து பேசிய பேச்சில் பெரும்பாதியைக் கேட்ட ஒரே மனிதர் மாஸ்டர். இதை மூக்கையா மாஸ்டரிடம் சொன்னதில்லை. சொல்கிற விஷயமா அது?

ஆண்டனிராஜ்தான் அந்த வேலையை இழுத்துவிட்டான். அவன் முகாம் தலைவன். குழந்தையாகப் படகில் வந்தவன், பேச்சில் பாதி திண்டுக்கல்லாகிவிட்டவன். புது வீடுகள் கட்டிக் கொடுத்த பிறகு சமுதாயக் கூடத்துச் சுவர் பளிச்சென்று காலியாக நின்றது. "ஐயா, நம்ம பிள்ளைகளுக்கு நாம எதுக்கு இங்க கெடக்கோம்னே தெரியல. யுத்தம் ஏன் வந்துச்சு, நாம எப்படி வந்தோம், அதைச் செவுத்துல வரிசையா எழுதிருங்க. வர்ற ஜூலைக் கலவர நினைவு நாளுக்குள்ள முடிச்சிருவோம்" என்றான்.

மூக்கையா சுவரைக் கண்ணாடிபோல் ஆக்கினார். மாஸ்டர் ஏணியில் ஏறி, மேல் விளிம்பை ஒட்டி, பென்சிலால் 1956 என்று எழுதினார். கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்த மூக்கையா, "மாஸ்டர், செத்த நில்லுங்க. மேல இன்னொரு வரிக்கு எடம் விடுங்க" என்றார்.

"ஏன்?"

"நாப்பத்தெட்டு வரணும்ல? எங்க பிரஜா உரிமையைப் பறிச்சது."

மாஸ்டர் ஏணியிலிருந்தே திரும்பினார். "அது வேற பிரச்சினை மூக்கையா. இது யுத்தத்தைப் பற்றின சுவர். யுத்தத்துக்கு வேர் ஐம்பத்தாறில வந்த தனிச் சிங்களச் சட்டம். பிறகு ஐம்பத்தெட்டுக் கலவரம், தரப்படுத்தல், எழுபத்தேழு, எண்பத்து மூண்டு. நூல் பிடிச்ச மாதிரி வருது, பாரும்."

"அந்த நூலே எங்ககிட்ட இருந்துல்ல மாஸ்டர் ஆரம்பிக்குது? தோட்டத்துல கெடந்த சனத்தைப் பூராவும் ஒரே சட்டத்துல நாடில்லாதவனா ஆக்கிப் பாத்தாங்க. கேக்க நாதியில்லன்னு தெரிஞ்சதும்தான் அடுத்து ஒங்க பக்கம் வந்தாங்க. அன்னைக்கு ஒங்க தலைவருங்கள்ல சில பேரு அதுக்குக் கை தூக்குனாங்களா இல்லையா?"

"எதிர்த்ததும் எங்கட ஆக்கள்தான். அதுக்காகக் கட்சியே உடைஞ்சது. அதை ஏன் நீர் சொல்லுறீரில்லை?"

"அதையும் எழுதுங்க, நான் வேணாங்கலயே. நாப்பத்தெட்டுன்னு மேல போட்டு, கீழ அதையும் எழுதுங்க."

இந்த இடத்தில் ஒரு தேநீர் குடித்திருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் மாஸ்டருக்குத் தரப்படுத்தல் என்ற சொல்லை எடுத்துவிட்டால் இறக்கிவைக்கத் தெரியாது. பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் மார்க்கு வாங்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கம் வைத்த ஏற்பாடு அது. மாஸ்டருக்கு டாக்டர் படிப்பு தவறியது அதில்தான். அதைப் பார்த்து வளர்ந்த தம்பி இயக்கத்துக்குப் போய், பிணமாகக்கூடத் திரும்பவில்லை.

"எங்கட பெடியள் ஏன் துவக்கைத் தூக்கினவங்கள் எண்டு நினைக்கிறீர்?" மாஸ்டரின் குரல் ஏறியது. "படிச்ச பிள்ளைக்கு முன்னால கதவை அடைச்சதாலதான்."

"ஒங்களுக்குக் கதவு இருந்துச்சு, அடைச்சான். எங்களுக்குக் கதவே வைக்கல. நாங்க வரிசையா அடைஞ்சு கெடந்த லயத்துக்குப் பக்கத்துல ஒரு ஒழுகுற கொட்டகை, அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். வெள்ளக்காரன் காலத்துல இருந்து பள்ளிக்கூடம், இங்கிலீசு, உத்தியோகம் அம்புட்டும் ஒங்க பக்கம். எங்க முதுகுக்குக் கூடை."

"இதைத்தான் சிங்களவனும் சொன்னவன்! தமிழனுக்கு வெள்ளைக்காரன் எல்லாச் சலுகையும் அள்ளிக் குடுத்திட்டான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் எங்களை வெட்டினவங்கள். அதை நீர் என்ட முகத்துக்கு நேர சொல்லுறீர்."

அது நியாயமான பேச்சு. மூக்கையாவுக்கே உள்ளுக்குள் சுருக்கென்றது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எங்களையும் அதே ஆளுதான் வெட்டுனான். எழுவத்தேழுல லயத்தைக் கொளுத்துனான். ஓடி வவுனியாவுக்கு வந்தா எங்கள எங்க கொண்டாந்து வச்சீங்க? காட்டோரமா, சிங்களக் குடியேத்தத்துக்கு முன்னாடி, வேலிக்கு முள்ளு வைக்கிற மாதிரி. பட்டாளத்துக்காரன் எங்களை மிதிச்சுட்டுத்தான் ஒங்கள்ட்ட வரணும்னு."

"இருக்க இடம் தந்தது பிழையோ? தந்தவனுக்கு இதுவோ கைமாறு? தோட்டக்காட்டுப் புத்தி எங்க போகும்!"

ஏணி ஆடியது. மலையகத்து மனிதனைப் பார்த்து யாழ்ப்பாணத்துக்காரன் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அதுதான். இத்தனை வருஷம் மாஸ்டர் வாயில் அது வந்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் வந்ததும் அவரே திகைத்துப்போனது தெரிந்தது. மூக்கையா அந்தத் திகைப்பைப் பார்க்கவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தார்.

"ஒன் தம்பி ஒண்ணும் நாட்டுக்காகச் சாகல. ஒனக்கு வராமப் போன மார்க்குக்காகச் செத்தான்."

சொல்லிவிட்டு, மாஸ்டர் இறங்கும்வரை காத்திருந்து, அதே ஏணியில் ஏறி, உப்புத்தாளால் 1956-ஐத் தேய்த்து அழித்தார். மாஸ்டர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுவர் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு மூக்கையாவின் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். போயின, அவ்வளவுதான். கான்ட்ராக்டர் முகமது பாரூக் வத்தலக்குண்டில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டைக் கொடுத்தார். "மாஸ்டர் வரலையா?" என்று கேட்டார். "மேலுக்கு முடியல பாய்" என்றார் மூக்கையா. ஆளில்லாத வீடு, கதவுகூட மாட்டவில்லை. இருமினால் மூன்று அறையும் இருமின. அறைக்கு அறை பட்டி வைத்துக்கொண்டே போனவர், ஒரு தடவை பழக்கத்தில், "இங்கன பாருங்க மாஸ்டர், கொத்தனாரு எப்படிப் பூசிருக்கான்னு" என்று உரக்கச் சொல்லிவிட்டார். சொன்னது திரும்பிக் காதில் விழுந்தபோது அவமானமாக இருந்தது. கதவு மாட்டாத வாசலை எட்டிப் பார்த்தார். ரோட்டில் கொடைக்கானல் பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மதியம் பொட்டலத்தைப் பிரித்தால் சோறு ஒருபக்கம், வெஞ்சனம் ஒருபக்கம். மாஸ்டர் எப்போதும் தன் பங்கு மீனை இந்தப் பக்கம் தள்ளுவார், இவர் திருப்பித் தள்ளுவார், கடைசியில் மீன் ஆறிப்போகும். இன்று தள்ள யாரும் இல்லாததால் சூடாகவே சாப்பிட்டார். ருசியில்லை.

மனிதனுக்குப் பேச ஆள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கையா பஸ் ஏறிக் குஜிலியம்பாறைக்குப் போனார். அவருடைய தாத்தா அந்தப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்துதான் பஞ்சம் பிழைக்கச் சிலோனுக்குப் போனார். அந்தத் தாத்தாவின் அண்ணன் வழிப் பேரன் மலைச்சாமி இப்போதும் அங்கே சோளமும் கடலையும் போடுகிறார். முகாமிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். சொந்த ரத்தம் இத்தனை பக்கத்தில் இருந்தும் மூக்கையா இந்த நாட்டில் அகதி. இதைச் சிரிக்கிற விஷயமாக எடுப்பதா, அழுகிற விஷயமாக எடுப்பதா என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை.

மலைச்சாமி நாற்காலி போட்டார். மோர் வந்தது. ஆனால் மோர் குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தில் ஒரு கலக்கம் இருந்தது.

"அப்பு, தப்பா நினைக்காதீக. இங்க பாகமெல்லாம் எப்பவோ பிரிச்சாச்சு" என்றார் கடைசியில்.

"நான் அதுக்கு வரல மலைச்சாமி. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அப்படியா? சந்தோசம்." மலைச்சாமி மூச்சை விட்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பிறகு தாராளமாகப் பேசினார். மூக்கையா நாற்பத்தெட்டாம் வருஷத்தைப் பற்றி, ஓட்டுரிமை போனது பற்றி, இந்திய, இலங்கை அரசாங்கம் இரண்டும் உட்கார்ந்து அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிரிக்கிற மாதிரி தோட்டத்துச் சனத்தை இத்தனை உனக்கு, இத்தனை எனக்கு என்று பிரித்தது பற்றிச் சொன்னார். மலைச்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் நீங்க குடுத்து வச்சவுக. எங்க தாத்தன் இங்க கம்மங்கூழுக்கு அலைஞ்சப்ப ஒங்க தாத்தன் குளுகுளுன்னு மலையில தேத்தண்ணி குடிச்சுக்கிட்டுல்ல இருந்தாரு!" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மூக்கையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தானுக்குச் சலுகை என்று சிங்களவன் சொன்னான். அவனுக்குச் சலுகை என்று மூக்கையாவும் சொன்னார். மூக்கையாவுக்குச் சலுகை என்று மலைச்சாமி சொல்கிறார். இதை மாஸ்டரிடம் சொன்னால் தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார், கண்ணில் நீர் வரும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சொல்ல வேண்டும் என்று நினைத்த மறுநிமிஷம், சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்த வேகத்தில் நின்றுவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் தேநீர்க் கடையில் ஆண்டனிராஜ் இருந்தான். "என்னய்யா, மாஸ்டர் ஊருக்குப் போறாரே, ஒங்களுக்கு ஒரு கை ஒடைஞ்ச மாதிரில்ல இருக்கும்?" என்றான்.

மூக்கையாவுக்கு முதலில் புரியவில்லை. "எந்த ஊருக்கு?"

"வசாவிளானுக்குத்தான். ஒங்ககிட்ட சொல்லலியா? அவங்க வீட்டைப் பட்டாளம் விட்டிருச்சாம். தங்கச்சி போயி கூரை போட்டு, கெணறு எறைச்சுச் சுத்தம் பண்ணிட்டாங்களாம். பேப்பரெல்லாம் வந்திருச்சு. புதன்கிழமை காலையில வேன், மெட்ராஸ் போயி அங்கயிருந்து ப்ளேன்."

தேநீர் கையில் இருந்தது. அதைக் குடித்தாரா, வைத்தாரா என்று மூக்கையாவுக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். முதலில் வந்தது துக்கம் இல்லை, பொறாமை. அதை அவர் தனக்குள் ஒளிக்கவில்லை. மாஸ்டருக்கு ஒரு வீடு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள், இப்போது விட்டார்கள். மூக்கையாவுக்கு விட எதுவும் இல்லை. லயத்து அறை கம்பெனியுடையது. வவுனியாக் காட்டில் வெட்டித் திருத்திய நிலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. குஜிலியம்பாறையில் பாகம் பிரித்தாயிற்று. அதற்கப்புறம்தான் துக்கம் வந்தது. மாஸ்டர் போய்விடுவார். அந்தச் சொல் சொன்ன சொல்லாகவே நிற்கும், இவர் சொன்னதும் அப்படியே நிற்கும்.

திங்களும் செவ்வாயும் மாஸ்டர் வீட்டு வாசல்வரை போனார். உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பெட்டி கட்டுகிறவர்கள், அழுகிறவர்கள், யாழ்ப்பாணத்தில் இன்னாரைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள் என்கிறவர்கள். அத்தனை பேருக்கு நடுவில் போய், உன் தம்பியைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டார்.

செவ்வாய் ராத்திரி படுத்தபடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஐம்பத்தாறே இருக்கட்டும். யுத்தம் ஐம்பத்தாறில் தொடங்கியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதை மூக்கையா நம்பவில்லை. கொஞ்சமும் நம்பவில்லை. ஆனால் மாஸ்டரின் வேன் சமுதாயக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சண்டையில் கெட்டுப்போன சுவரை மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, எழுத்துக்குத் தயாராக வைத்துவிட்டால், போகிற மனுஷன் பார்ப்பார். உன் எழுத்துக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன், நீ சொன்னபடியே எழுதச் சொல்கிறேன் என்று அதற்கு அர்த்தம். முப்பது வருஷம் கூட வேலை செய்தவருக்கு இது புரியாமல் போகாது. மூக்கையாவுக்கு வாயால் மன்னிப்புக் கேட்க வராது, கையால்தான் வரும்.

புதன்கிழமை விடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். துண்டைக் கட்டினார். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாததால் இரண்டு கல்லை அண்டை கொடுத்து ஏறினார். மேல் விளிம்பை ஒட்டிப் பென்சில் கறுப்பு நீளமாக மங்கித் தெரிந்தது. அன்றைக்கு அழித்ததன் மிச்சமும், மாஸ்டர் போட்ட பழைய சுழிகளும் என்று நினைத்தார். அங்கிருந்தே தொடங்கினார்.

பாதி தேய்த்திருப்பார், வேன் வந்தது. கூடத்துக்கு எதிரில் நின்றது. ஜன்னலில் மாஸ்டரின் முகம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கையா துண்டை முகத்திலிருந்து இறக்கி, உப்புத்தாள் பிடித்த கையை உயர்த்திக் காட்டினார். பாருங்கள், உங்களுக்காகத்தான் என்பதுபோல. மாஸ்டர் செத்த நேரம் அப்படியே பார்த்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு டிரைவரிடம் ஏதோ சொன்னார். வேன் போய்விட்டது.

இன்னும் கோபம் தீரவில்லை என்று மூக்கையா நினைத்தார். நினைத்தபடியே மிச்சத்தையும் தேய்த்து முடித்தார். கையில் எடுத்த வேலையைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது.

மாஸ்டரை வீட்டு வாசலில் வழியனுப்பிவிட்டு ஆண்டனிராஜ் அந்தப் பக்கம் வந்தான். சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயா, என்ன காரியம் பண்ணீங்க? அதை ஏன் அழிச்சீங்க?"

"எதை?"

"நேத்துப் பொழுது சாயுற நேரம் மாஸ்டர் வந்து பென்சிலால எழுதுனாரே. நான்தான் ஏணி பிடிச்சேன். 'ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தெட்டு, மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது, எங்கட கதை இங்கயிருந்துதான் தொடங்குது' அப்படின்னு. 'மூக்கையா காலைல பாப்பார், நீ ஒண்டும் சொல்லாத' அப்படின்னாரு. இறங்குறப்பக் கண்ணெல்லாம் கலங்கிருச்சு அவருக்கு."

மூக்கையா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஒரு எழுத்தின் கால்கூட மிச்சமில்லை. வேலையில் அவர் என்றைக்கும் குறை வைத்தவரில்லை. தரையில் வெள்ளைத் தூசி கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் அழுதார். ஆண்டனிராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் ஏணியை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தான்.

மாஸ்டரின் புது நம்பர் ஆண்டனிராஜிடம் வந்துசேரப் பல நாள் பிடித்தது. அதுவரை மூக்கையா என்ன சொல்வது என்று சேர்த்துச் சேர்த்து வைத்திருந்தார். நான் பார்க்கவில்லை, கண்ணாடி பையில் இருந்தது, நான் தேய்த்ததே உங்கள் ஐம்பத்தாறுக்காகத்தான், உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னது தப்பு. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். மணி அடித்தது. மறுமுனையில் ஒரே சந்தடி. பாத்திரச் சத்தம், குழந்தைகள், ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

"ஆர்? மூக்கையாவோ? எப்பிடி இருக்கிறீர்?" மாஸ்டரின் குரலில் கோபமே இல்லை. அது மூக்கையாவை இன்னும் கலக்கியது.

"மாஸ்டர், அன்னைக்கு நான் பாக்காமத் தேச்சுட்டேன். கண்ணாடி போடல. நீங்க எழுதிருந்தது தெரியாது. சத்தியமா தெரியாது. நான் தேச்சதே..."

"ஓ, அதோ. பரவாயில்லை மூக்கையா. நான் அதை அப்பவே விட்டிட்டன். இனி என்ன அது? இஞ்ச வந்து பாக்க, எல்லாம் பழங்கதை மாதிரிக் கிடக்கு. கிணத்தில நல்ல தண்ணி. முத்தத்து மாமரம் இன்னும் நிக்குது, நம்புவீரோ? காய்ச்சுக் குலுங்குது." பின்னால் யாரோ அவரை அழைத்தார்கள். "ஓம், வாறன்... மூக்கையா, சனம் வந்திருக்கு. பிறகு எடுக்கிறன், என்ன?"

போன் அணைந்தது. மூக்கையா அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இனி என்ன அது. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, மனதில் வைத்துக்கொண்டும் சொல்லவில்லை. நிஜமாகவே இறக்கி வைத்துவிட்டார். இறக்கி வைக்க அவருக்கு ஒரு முற்றம் கிடைத்திருந்தது. மூக்கையாவுக்கு அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது.

ஜூலை நெருங்கியது. ஆண்டனிராஜ் திண்டுக்கல்லிலிருந்து சார்லஸ் என்ற சுவர் எழுத்துக்காரனைக் கூட்டிவந்தான். தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சிக்கும் எழுதுகிறவன், நல்ல வேகமான கை. "என்ன எழுதணுமோ நீங்களே சொல்லிருங்கய்யா. இனி ஒங்களைத் தவிர இதையெல்லாம் சொல்ல யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு ஆண்டனிராஜ் வேலைக்குப் போய்விட்டான்.

மூக்கையா ஏணியைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, சார்லஸ் எழுதினான். மேலே 1948, மலையகத் தமிழரின் குடியுரிமை. அடுத்து 1956, தனிச் சிங்களச் சட்டம். பிறகு ஐம்பத்தெட்டு. பிறகு தரப்படுத்தல். அந்த வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. பிறகு எழுபத்தேழு, எண்பத்து மூன்று, படகுகள். மாஸ்டர் சொன்ன எதையும் விடவில்லை. தன்னுடையதை முதலில் வைத்தார். வெயில் ஏறுவதற்குள் சுவர் நிறைந்துவிட்டது.

சார்லஸ் இறங்கி, தள்ளி நின்று பார்த்தான். "சரியா வந்திருக்காங்கய்யா?"

மூக்கையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்துவிட்டு, "நாப்பத்தெட்டுல தொடங்குனது சரிதானா? நீ என்னப்பா நினைக்கிற?" என்று கேட்டார்.

"எனக்கு என்னங்கய்யா தெரியும்? நாப்பத்தெட்டுன்னா நாப்பத்தெட்டு. நீங்க சொன்னாச் சரிதான்."

"இல்லன்னு சொல்லு."

"ஐயா?"

"அது வேற பிரச்சினை, அது காரணமில்லன்னு சொல்லு. சும்மா சொல்லு பாப்போம்."

பெரியவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சார்லஸ் சிரித்தான். "போங்கய்யா, ஒங்ககிட்ட நான் எதுக்குச் சண்டை போடப்போறேன்?" என்றபடி பிரஷ்களைக் கழுவக் குழாயடிக்குப் போனான். மூக்கையா ஏணியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். ஏணியில் யாரும் இல்லை.